என் கட்டுரையைக் கூகுள் தேடலிலிருந்து நீக்கச் செய்த பொய்ப் புகார்: அனுப்பியவர் யார் என்று பொதுத் தகவல்களைக் கொண்டே அறிய முடியுமா?

கேள்வி: வாய்க்கால்கரை, பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். தாமிரபரணிப் பாசனத்தைப் பற்றியும், நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் ஆகியவற்றின் இன்றைய நிலையைப் பற்றியும் எழுதும் சிறிய இணையதளம் ஒன்றை எட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இருந்த நஞ்சை நிலத்துக்குத் தண்ணீர் போகும் மடையை அடைத்துவிட்டு, அதை வீட்டுமனைகளாகப் பிரித்து விற்றதைப் பற்றி 2024 ஜனவரியில் ஒரு கட்டுரை எழுதினேன். நில அளவைப் புலப்படத்தையும், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஊர் விவசாயிகள் ஏழு பேரிடம் நேரில் பேசி எழுதியது அது. மனை வாங்க விரும்புகிறவர்கள் அந்த மனைப்பிரிவின் பெயரைக் கூகுளில் தேடினால் என் கட்டுரை முதல் பக்கத்திலேயே வரும். அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டு விவரம் கேட்டவர்களும் உண்டு.

சென்ற மாதம் அந்தக் கட்டுரை தேடலிலிருந்து காணாமல் போனது. தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, பதிப்புரிமைப் புகாரின் பேரில் அந்தப் பக்கம் நீக்கப்பட்டதாக ஒரு செய்தி இருந்தது. தேடல் முடிவுகளின் அடியில் இருந்த இணைப்பைப் பின்தொடர்ந்ததில், நான் கேள்விப்பட்டே இராத ஒரு வெளிநாட்டுச் 'செய்தித் தளம்' அந்தக் கட்டுரை தன்னுடையது என்றும், 2021 அக்டோபர் 14 அன்றே தான் வெளியிட்டது என்றும், நான் அதைத் திருடிவிட்டேன் என்றும் புகார் அளித்திருப்பது தெரிந்தது. அங்கே போய்ப் பார்த்தால் என் எழுத்து வரிக்கு வரி அப்படியே இருக்கிறது. அந்த மடையின் மேல் நின்று என் கைப்பேசியில் நான் எடுத்த படமும் இருக்கிறது.

என்னைத் திருடன் என்று எழுதியதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை அனுப்பியவர் யார், அனுப்பச் சொன்னவர் யார் என்பதை, யாருடைய கணக்கிலும் அத்துமீறி நுழையாமல், எல்லோரும் பார்க்கக்கூடிய தகவல்களை மட்டும் வைத்துக் கண்டறிய முடியுமா? எனக்கு ஒரு நிறுவனத்தின் மேல் சந்தேகம் உண்டு. அதன் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. அந்த நகல் பக்கத்தின் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

பதில்: கல்லிடை (சர்வர் பராமரிப்புப் பணி, சென்னை)

வணக்கம் அண்ணாச்சி. உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புகார் பொய் என்று நிறுவுவது ஒன்று. அதை யார் அனுப்பச் சொன்னார்கள் என்று கண்டுபிடிப்பது மற்றொன்று. முதலாவதை வீட்டில் உட்கார்ந்தபடியே ஏறக்குறைய முழுமையாகச் செய்துவிடலாம். இரண்டாவதில் பொதுத் தகவல்கள் பாதி வழி வரைதான் கூட வரும்.

உங்களுக்கு நடந்தது புதிய தந்திரம் அல்ல. பிடிக்காத கட்டுரையை அப்படியே நகலெடுத்து, கைக்குக் கிடைத்த ஒரு தளத்தில் பழைய தேதியிட்டு ஏற்றிவிட்டு, 'மூலம் எங்களுடையது' என்று புகார் கொடுப்பார்கள். 1998-ஆம் ஆண்டின் டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, புகார் வந்ததும் தாமதமின்றி நீக்கிவிடுகிற சேவை நிறுவனத்துக்குப் பொறுப்பிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. எனவே யாருடையது முந்தையது என்று நின்று விசாரிக்க வேண்டிய கட்டாயம் அந்த நிறுவனத்துக்கு இல்லை. இந்த முறையில் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 34,000 புகார்களை லூமன் தரவுத்தளத்தின் ஆய்வாளர் ஒருவர் 2022-இல் அடையாளம் கண்டு வெளியிட்டார்.

நீங்கள் பின்தொடர்ந்து போன இணைப்பும் அந்த லூமனுக்குரியதுதான். 2001-இல் வேறு பெயரில் தொடங்கப்பட்டு 2015-இல் இந்தப் பெயரைப் பெற்ற அந்தத் தரவுத்தளம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் கிளைன் மையத்தில் நடத்தப்படுகிறது. கூகுள் தனக்கு வரும் நீக்கல் கோரிக்கைகளின் நகலை அங்கே அனுப்பி வைக்கிறது. பொதுப் பார்வையில் முழு இணைய முகவரிகள் மறைக்கப்பட்டிருக்கும். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அந்த ஒரு புகாரின் முழு வடிவத்தையும் குறுகிய காலத்துக்குத் திறந்து காட்டுவார்கள். முதலில் அதைச் செய்யுங்கள். அனுப்பியவர் என்று எழுதப்பட்டுள்ள பெயர், யார் சார்பில், எந்த நாடு, எந்தத் தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அதே பெயரை லூமனின் தேடலில் இட்டு அவர் வேறு எந்தெந்தத் தளங்களின் மேல் புகார் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். புகாரில் வரும் விசித்திரமான ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் வைத்தும் தேடுங்கள், ஏனென்றால் பெயரை மாற்றுகிறவர்கள் வாக்கியத்தை மாற்றச் சோம்பல்படுவார்கள். ஆனால் அந்தப் பெயரை நம்பி யார் மேலும் பாய்ந்துவிடாதீர்கள். உண்மையான பத்திரிகைகளின் பெயரைத் திருடிப் புகார் அனுப்புவதும் நடக்கிறது. அங்கே பெயருக்குரியவரும் உங்களைப் போலப் பாதிக்கப்பட்டவர்தான்.

அடுத்தது அந்தத் தளத்தின் வயது. மனை வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைப் போல, ஒரு தளப்பெயர் எந்த நாளில் பதிவானது என்று யாரும் பார்க்கலாம். முன்பு ஹூயிஸ் என்று அழைக்கப்பட்ட வசதியின் இடத்தில் 2025 ஜனவரி முதல் ஆர்டிஏபி என்ற முறை வந்திருக்கிறது. 2018-க்குப் பிறகு ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டத்தின் விளைவாக உரிமையாளரின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். பதிவு தேதியும் பதிவு செய்துகொடுத்த நிறுவனத்தின் பெயரும் மறைக்கப்படுவதில்லை. இதில் ஒரு கவனம் வேண்டும். காலாவதியான பழைய பெயரை வேறொருவர் மீண்டும் வாங்கினால் தேதி புதிதாகத் தெரியும். ஆகையால் இணையப் பக்கங்களின் பழைய நகல்களைத் தேதியோடு சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பெயரில் முன்பு என்ன இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

பலருக்கும் தெரியாத இன்னொரு பதிவேடு உண்டு. ஒரு தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் (முகவரி https என்று தொடங்குவதற்குத் தேவையானது) வழங்கப்படும்போது, அந்த விவரம் எவரும் பின்னர் மாற்ற முடியாத பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு வழங்கப்படும் சான்றிதழ்கள் இவ்வாறு பதிவாகியிருக்க வேண்டும் என்று குரோம் உலாவி கட்டாயமாக்கியது. சிஆர்டி டாட் எஸ்எச் (crt.sh) என்ற தளத்தில் பெயரை இட்டால், முதல் சான்றிதழ் எந்த நாளில் வழங்கப்பட்டது என்பது இலவசமாகத் தெரியும். 2021-இல் கட்டுரை வெளியிட்ட தளத்தின் முதல் சான்றிதழ் சென்ற மாதத்தியது என்றால், அதற்கு அவர்கள் என்ன விளக்கம் சொல்ல முடியும்?

அந்தத் தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளில் இயங்குகிறது என்பதை இங்கிருந்தே பார்த்தேன். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் கொடுக்கும். தேதியை நம் விருப்பத்துக்கு மாற்றலாம், எண் அப்படி மாறாது. பக்கத்தின் மூலநிரலில் அந்த எண் இருக்கும். அருகிலுள்ள மற்ற பதிவுகளின் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படக்கோப்பு இருக்கும் ஆண்டு, மாதக் கோப்புறையை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் பதிவின் தேதியை முன்னதாக மாற்றினால் கோப்புறையும் சேர்ந்து பின்னோக்கிப் போய்விடலாம். படத்தை அனுப்பும்போது சர்வர் சொல்லும் 'கடைசியாக மாற்றிய நேரம்' அதைவிட நம்பத்தக்கது. மூலநிரலில் விளம்பரக் கணக்கு எண்ணோ வருகைக் கணக்கு எண்ணோ இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே எண் வேறு தளங்களிலும் இருந்தால் அவை ஒரே கையில் இருப்பதற்கு நல்ல சான்றாகும். ஒரே ஐபி முகவரியில் இருக்கின்றன என்பது மட்டும் போதாது. ஒரு வாடகை சர்வரில் தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இப்போதே அந்தப் பக்கத்தை வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். நீங்கள் விழித்துக்கொண்டீர்கள் என்று தெரிந்தால் அதை அழித்துவிடுவார்கள்.

பதில்: பழைய பத்திரம் (பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அம்பாசமுத்திரம்)

கணினி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் முன்தேதியிட்ட ஆவணங்களைப் பார்த்தே முப்பது ஆண்டுகள் கழித்தவன் என்பதால் இரண்டு வார்த்தை எழுதுகிறேன்.

ஒருவர் சொத்தை விற்ற பிறகு, அதற்கு முன்பே தனக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று காட்டுவதற்காகப் பழைய தேதியில் ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவருகிறவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். கையெழுத்தையும் தேதியையும் அவர்கள் கவனமாகவே போட்டிருப்பார்கள். நாங்கள் தாளைத் திருப்பிப் பார்ப்போம். முத்திரைத்தாளின் பின்புறத்தில் விற்பனையாளர் தன் கைப்பட எழுதிய வரிசை எண், விற்ற தேதி, வாங்கியவர் பெயர் ஆகியவை இருக்கும். அவருடைய பதிவேட்டில் அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் யாருக்கு எப்போது தாள் விற்றார் என்பது இருக்கும். முன்பக்கத்தில் 1987 என்று எழுதிய ஒப்பந்தத்தின் பின்பக்க எண், 1991-இல் விற்ற தாள்களுக்கு நடுவே போய் உட்காரும். தம்பி சொன்ன பதிவு எண்ணும் அதே வகையைச் சேர்ந்தது என்றுதான் எனக்குப் புரிகிறது.

அதோடு, நீங்கள் கொடுத்த இணைப்பில் போய் அந்த நகலை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பத்திரத்தைச் சொத்து விவரம் வரை படிக்காமல் கீழே வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஏழாவது பத்தியில், 'கடந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அடைபட்ட மடையால் வெள்ளம் வடிய வழியில்லாமல் தெற்குத் தெரு வீடுகளுக்குள் புகுந்தது' என்று இருக்கிறது. அந்த மழை 2023 டிசம்பரில் பெய்தது. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் அந்த இரண்டு நாட்களை அனுபவித்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். 2021 அக்டோபரில் எழுதிய கட்டுரைக்குள் 2023 டிசம்பர் வெள்ளம் எப்படி வந்தது? நகலெடுத்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றே நினைக்கிறேன். படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். மடையின் பக்கச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் வண்டல் படிந்த கோடு தெரிகிறது. அதுவும் அந்த வெள்ளத்தின் தடம்தான்.

கேள்வி கேட்டவர்: வாய்க்கால்கரை

பெரியவருக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் எழுத்தை இன்னொருவர் பெயரில் பார்த்த ஆத்திரத்தில் முதல் இரண்டு பத்திகளுக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை; ஏழாவது பத்தியை நான் பார்க்கவே இல்லை.

கல்லிடைத் தம்பி சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புகார் அனுப்பப்படுவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்புதான் அந்தத் தளப்பெயர் பதிவாகியிருக்கிறது. முதல் சான்றிதழும் அதே நாளில் வழங்கப்பட்டது. வேபேக் மெஷினில் அந்தப் பெயரில் அதற்கு முன்பு ஒன்றுமே இல்லை. என் கட்டுரையோ 2024 பிப்ரவரியிலேயே அங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது. அதை யார் சேமித்தார்கள் என்று தெரியாது, அவர் நன்றாக இருக்க வேண்டும். '2021' கட்டுரையின் பதிவு எண் 46. அதே தளத்தில் 2024 தேதியிட்ட வேறொரு கட்டுரையின் எண் 19.

லூமனில் அனுப்பியவர் பெயரைத் தேடியபோது மேலும் ஆறு புகார்கள் வந்தன. இரண்டு தமிழ்த் தளங்கள், ஒரு மலையாளத் தளம், மற்றவை ஆங்கிலத்தில். ஆறும் ஆறு விதமான கட்டுரைகள். நான் சந்தேகிக்கும் நிறுவனத்தின் பெயர் அவற்றில் ஒன்றில்கூட இல்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: கல்லிடை

இந்த ஆறு புகார்களும் ஒரே வாடிக்கையாளருக்காக அனுப்பப்பட்டவை அல்ல, இணையத்தில் பெயரைச் சுத்தம் செய்து தருவதாகப் பணம் வாங்கும் ஒரு கூலி அமைப்பு பலருக்காக அனுப்பியவை என்றே நான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் அனுப்பியவருக்கும் அனுப்பச் சொன்னவருக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கும் பணப் பரிமாற்றம், கணக்கு விவரம், உள்நுழைந்த ஐபி முகவரி ஆகியவை கூகுளிடமும் பதிவு நிறுவனத்திடமும் உண்டு. நீதிமன்றமோ காவல்துறையோ கேட்டால்தான் அவை வெளியே வரும். உங்கள் கட்டுரை மறைந்ததால் யாருக்கு ஆதாயம் என்பது விசாரணையைத் தொடங்குவதற்கான காரணமாகலாம். அதையே முடிவாகக் கொள்ளக் கூடாது. மனைகளை ஏற்கெனவே வாங்கி மறுவிற்பனை செய்ய முயலும் யாரோ ஒருவர்கூட இதைச் செய்திருக்கலாம் அல்லவா?

பதில்: தச்சநல்லூரான்

இவ்வளவு ஆதாரம் கிடைத்த பிறகும் அந்த நிறுவனத்தின் பெயரை வெளியிடாமல் இருப்பது சரியா? ஊர் மக்கள் ஏமாறுவதைத் தடுக்க வேண்டாமா?

பதில்: சட்டவாசல் (வழக்குரைஞர், திருநெல்வேலி)

பெயரை வெளியிட வேண்டாம். புகார் பொய் என்பதற்கு இப்போது நான்கு தனித்தனிச் சான்றுகள் இருக்கின்றன. அந்த நிறுவனம் அனுப்பியது என்பதற்கு ஒன்றுகூட இல்லை. இந்நிலையில் எழுதினால், உண்மையை எழுதியதற்காக நீக்கப்பட்ட கட்டுரையின் ஆசிரியர், நிரூபிக்க முடியாததை எழுதியதற்காக அவதூறு வழக்கில் நிற்க நேரிடும். ஊர் மக்களைக் காப்பாற்ற அந்தப் பெயர் தேவையில்லை. புலப்படத்தோடு எழுதிய கட்டுரை மறுபடியும் தேடலில் வந்தால் போதும்.

அதற்கான வழி எதிர் அறிவிப்பு. டிஎம்சிஏவின் 512-ஆம் பிரிவின்படி, நீக்கம் தவறு என்று நீங்கள் உறுதிமொழியுடன் எழுதி அனுப்பலாம். புகார்தாரர் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் மீட்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அனுப்புமுன் ஒன்றை நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். எதிர் அறிவிப்பில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். அது புகார்தாரருக்கு அனுப்பப்படும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்பதாகவும் எழுத வேண்டும். பொய்ப் பெயரில் புகார் கொடுத்தவரிடம் நம் வீட்டு முகவரி போய்ச் சேர்கிறது என்பதை நினைத்தே பலர் இதை அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள், அந்த அச்சத்தை நம்பித்தான் இந்தத் தொழிலும் நடக்கிறது. வீட்டு முகவரிக்குப் பதிலாகக் கடிதம் வந்து சேரக்கூடிய ஓர் அலுவலக முகவரியைக் கொடுங்கள். என் அலுவலக முகவரியைக்கூடப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தெரிந்தே பொய்யான புகார் கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்க அதே 512-ஆம் பிரிவின் எஃப் உட்பிரிவு இடம் தருகிறது. வேர்ட்பிரஸ் டாட் காம் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம், ஒரு மாணவப் பத்திரிகையாளரின் பதிவை நீக்கக் கொடுக்கப்பட்ட பொய்ப் புகாருக்காக வழக்குத் தொடுத்து, 2015-இல் சுமார் 25,000 டாலருக்குத் தீர்ப்புப் பெற்றது. 2023 நவம்பரில் கூகுளே கலிபோர்னியாவில் ஒரு வழக்குத் தொடுத்தது. குறைந்தது 65 கணக்குகளின் வழியாக 1,17,000-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளின் மேல் பொய்ப் புகார்கள் அனுப்பப்பட்டதாக அதில் குற்றஞ்சாட்டியது. அங்கே போய் வழக்கு நடத்துவது நம்மைப் போன்றவர்களால் ஆகாது என்பது உண்மைதான். ஆயினும் கூகுளுக்கு எழுதும்போது இது தொடர் மோசடி என்று அந்த ஆறு புகார்களின் எண்களையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

நம் நாட்டு முறையும் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவும், 2013-ஆம் ஆண்டு விதிகளில் 75-ஆவது விதியும் இதைக் கையாளுகின்றன. அந்த வழியில் புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் தடுக்க வேண்டும், ஆனால் 21 நாட்களுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். ஆதாரமின்றிப் பதிப்புரிமை வழக்கு மிரட்டல் விடுப்பவருக்கு எதிராக 60-ஆம் பிரிவின் கீழ் நீங்களே வழக்குத் தொடரவும் முடியும்.

மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ மனு கொடுங்கள். போலி மின்னணு ஆவணம் உருவாக்கியது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகளுக்குள் வரும் என்பது என் கருத்து. அந்த ஆவணங்கள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, கோப்பின் ஹேஷ் மதிப்புடன் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணக்கிட்ட குறியீடு) சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் மறு பகுதியை நிபுணர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். சேமித்த கோப்புகளைத் திருத்தாமல், பெயரைக்கூட மாற்றாமல், ஒரு பென் டிரைவில் தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: வாய்க்கால்கரை

எதிர் அறிவிப்பை அனுப்பிவிட்டேன். ஏழாவது பத்தியின் தமிழ் வரிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் மேலே வைத்து, வானிலைத் துறையின் 2023 டிசம்பர் மழைப் பதிவையும், தளப்பெயரின் பதிவு தேதியையும், 46, 19 என்ற இரண்டு எண்களையும் கீழே சேர்த்திருந்தேன். நேற்று மாலை மனைப்பிரிவின் பெயரைத் தேடியபோது கட்டுரை திரும்ப வந்திருந்தது. அந்த நகல் பக்கம் இப்போது திறக்கவில்லை. நல்லவேளையாக முன்பே சேமித்து வைத்திருந்தேன். பாளையங்கோட்டையில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன்.

அந்த ஆறு புகார்களில் சிக்கிய மற்ற தளங்களுக்கும் எழுதினேன். மலையாளத் தளத்தார் இன்று பதில் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரை மறைந்து ஐந்து மாதமாகிறது, தேடலில் ஏன் வரவில்லை என்பதே அவர்களுக்கு இதுவரை தெரியவில்லை. அவர்களுக்கு எதிரான நகலும் வேர்ட்பிரஸ்தான். பதிவு எண்ணை எங்கே பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். கல்லிடைத் தம்பிக்கு நேரம் இருந்தால் அவர்களோடு ஒருமுறை பேச முடியுமா? தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்தில் யாருடைய கட்டுரையாவது இப்படி மறைந்திருந்தால், லூமன் புகார் எண்ணை மட்டும் இங்கே எழுதுங்கள். என்னிடம் உள்ள ஏழோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.